மருந்துக் கம்பியும் அம்மன் வேலும்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுக் குழாயில் இரண்டு தடவை கம்பி வைத்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில். "ஒரே பள்ளத்துக்கு ரெண்டு தபா தார் ஊத்தினாங்க" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பெருங்களத்தூரில் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம் செய்கிற மனுஷனுக்கு உதாரணமும் அங்கிருந்துதான் வரும். அவர் பாட்டுக்குச் சிரிப்பார். நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பேன்.

முதல் கம்பி வைத்தது ஓர் ஆனி மாதத்தில். லாரியிலிருந்து மணல் இறக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். தாம்பரத்தைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடைத்திருந்த ரத்தக்குழாயைச் சின்ன பலூன் விட்டு விரித்து, திரும்பச் சுருங்காமல் இருக்க, பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பி வலையை உள்ளே வைத்தார்கள். சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆடிக்கு எப்போ காப்புக் கட்றாங்கோ?" என்பதுதான். பெண்டாட்டி சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஒரு வார்த்தை இல்லை.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஆதியிலிருந்து இருக்கிற சில குடும்பங்களில் இவர்கள் குடும்பமும் ஒன்று. நெல் போட்ட நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடிவீடாகிவிட்டது. ஆனால் அம்மன் கோயில் மட்டும் இன்னும் அவர்களுடையதுதான். ஆடித் திருவிழாவில் இவர் கன்னத்தில் வேல் குத்திக்கொள்வார். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வருகிற நீள வேல். மீசை முளைத்த காலத்திலிருந்து அதுவரை ஒரு வருஷமும் விட்டதில்லை. கல்யாணம் ஆன புதிதில் அதைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அதைச் சொல்லி இன்றைக்கும் கேலி செய்வார்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அலகு குத்தினால் ரத்தம் வராது. ஒரு சொட்டுகூட வராது என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. நான் பார்த்தவரையில் அப்படித்தான் நடக்கவும் செய்தது. வேலை உருவியதும் பூசாரி விபூதியை வைத்து அழுத்துவார், அத்தோடு சரி. ரத்தம் வந்துவிட்டால் விரதத்தில் ஏதோ குறை என்று அர்த்தம். விரதம் இருந்தவன் கோயில் பந்தலிலேயே ஒரு வாரமாகப் படுத்துக் கிடக்கிறான், அவன்மேல் எப்படிக் குறை சொல்வது? அதனால் பழி நேராக வீட்டுக்கு வரும். வீடு என்றால் பெண்டாட்டி.

இவருடைய அண்ணனுக்கு ஒரு வருஷம் அப்படி ரத்தம் வந்துவிட்டது. என் ஓரகத்தி அந்த ஒரு நாளுக்காக வருஷக்கணக்கில் பேச்சு வாங்கினாள். தீட்டோடு விளக்கேற்றினாள் என்றார்கள், மீன் சமைத்த சட்டியைக் கழுவாமல் வைத்திருந்தாள் என்றார்கள். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார்கள். அதற்குப் பிறகு திருவிழாவில் அவள் முன்வரிசைக்கு வந்து நான் பார்த்ததில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

முதல் கம்பி வைத்த அந்த ஆடியில் இவரை நான் கோயில் பக்கமே விடவில்லை. தையல் பிரிக்காத பிள்ளையைக் காப்பாற்றுகிற மாதிரி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். உடுக்கைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் முடியுமா?

மார்கழியில் வலி திரும்ப வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது, குளிர் காற்றுப் பட்டால் நெஞ்சு இறுக்கியது. மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில். கம்பி வைத்த இடத்திலேயே அடைத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். இவர் என் பக்கம் திரும்பி, "ஆடிக்குக் குத்தல. அதான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, நோயாளி ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குழாய் மாதிரி இரண்டு கோடு போட்டுக் காட்டினார். "அம்மா, பலூன் வச்சு விரிக்கிறப்போ குழாயோட உள்பக்கம் கொஞ்சம் காயமாகும். உடம்பு அந்தக் காயத்தை ஆத்தப் பார்க்கும். அது நல்லதுதான். ஆனா சில பேருக்கு அளவுக்கு மேல ஆத்திடும். கம்பியோட சந்துல எல்லாம் சதை வளர்ந்து, மறுபடியும் வழி குறுகிடும். சாருக்கு அப்படித்தான் ஆயிருக்கு."

இவர் உடனே, "ஏரிக் கால்வாய்ல வூடு கட்டிகினாங்களே, அந்தக் கதைதான் சார்" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான் சார். இந்தத் தடவை வைக்கிற கம்பில மருந்து பூசியிருக்கும். அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு, அந்த இடத்துல மட்டும் வேலை செய்யும். சதையை வளர விடாது."

"ஆக்கிரமிப்பை அகற்ற ஆபீசரை அங்கியே குடி வச்சிடறீங்கோ" என்றார் இவர். கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த வாய். மருந்துக் கம்பி அப்போதுதான் நம் ஊர்ப்பக்கம் வர ஆரம்பித்திருந்தது. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் தை பிறந்ததும் பழைய கம்பிக்குள்ளேயே புதுக் கம்பியை வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த மருந்து சதையை வளர விடாதுன்னு சொன்னேன்ல? அதனால கம்பி மேல மூடுற தோலும் சீக்கிரம் வளராது. கம்பி ரொம்ப நாளைக்கு வெறுமனே நிக்கும். வெறுங்கம்பி பட்டா ரத்தம் உறைஞ்சு கட்டியாகும். கட்டியானா ஒரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிடும், ஆஸ்பத்திரிக்கு வரக்கூட நேரம் இருக்காது. அது உறையாம இருக்கத்தான் இந்த ரெண்டு மாத்திரை. முழுசா ஒரு வருஷம். எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. கேட்டீங்களா?" என்றார். கேட்டேன். அன்றிலிருந்து அந்த ரோஸ் மாத்திரையும் சின்ன வெள்ளை மாத்திரையும் என் உசுராகிவிட்டன. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மற்ற மாத்திரைகளோடு அவர் உள்ளங்கையில் நானே வைப்பேன், சொம்பை நீட்டுவேன்.

அந்த இரண்டு மாத்திரையும் ரத்தத்தை இளக்கிவிடும். கேட் கம்பியில் லேசாக முழங்கை இடித்தால்கூட நீலமாகக் கன்றிவிடும். சவரம் செய்துகொள்ளும்போது சின்னதாகக் கீறினால் போதும், நிற்கவே நிற்காது. செய்தித்தாளைக் கிள்ளிக் கிள்ளி முகத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னிக்கு முகத்துல இன்னா சேதி?" என்று நான் கேட்பேன். "தங்கம் விலை ஏறிகினு கீது" என்பார். அந்த ஆறேழு மாதம் அப்படிச் சிரிப்பும் பயமுமாகத்தான் போயிற்று. சொல்லப்போனால் கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசியது கிடையாது.

ஆடி பிறந்தது. இந்த வருஷம் குத்தியே தீருவேன் என்றார். நான் தலைகீழாக நின்று பார்த்தேன். பால்குடம் எடுக்கலாமே என்றேன், தீச்சட்டி நான் தூக்குகிறேன் என்றேன். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒரு தபா வுட்டதுக்கு ஆறு மாசத்துல அடைச்சிகிச்சு. மறுபடியும் வுடச் சொல்றியா?" என்றார். அந்த மனுஷனுக்கு டாக்டர் போட்ட கோடும் புரிந்திருந்தது, அம்மன்மேல் பயமும் போகவில்லை. இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டை போடாமல் குடியிருந்தன.

காப்புக் கட்டிவிட்டால் சவரம் செய்யக் கூடாது. அதனால் காப்புக்கு முந்தின நாள் காலையில் வாசலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மழமழவென்று சிரைத்துக்கொண்டிருந்தார். நான் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தாடைக்குக் கீழே பிளேடு நன்றாகவே வெட்டிவிட்டது. ஸ்ஸ் என்றார். நான் ஓடிப்போய் பேப்பரைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தேன். வருவதற்குள் ரத்தம் நின்றுவிட்டிருந்தது. ஒரு கோடு மாதிரி சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.

பேப்பரும் கையுமாக அப்படியே நின்றேன். முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நீலம் இல்லை, கன்றல் இல்லை, புதுமாப்பிள்ளை கை மாதிரி சுத்தமாக இருந்தது.

"மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

"நீதானே தர்ற?"

"நான் தர்றேன். நீங்க சாப்பிடறீங்களா?"

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நுரையைத் துடைத்தார். கோபம் வந்தால் எனக்கு மரியாதை எல்லாம் பறந்துவிடும். "இன்னா பண்ண அதை? எங்க போட்ட?" என்றேன்.

"முருங்கை மரத்தாண்ட" என்றார். ஆடி பிறந்ததிலிருந்து மற்ற மாத்திரைகளை விழுங்கிவிட்டு, அந்த இரண்டை மட்டும் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்த் துப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்த எவனோ, பல் பிடுங்குவதற்காக ஒரு வாரம் முன்னாலேயே அந்த மாத்திரையை நிறுத்தியதாகவும் சொட்டு ரத்தம் வரவில்லை என்றும் பெருமை பேசியிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. அந்த முருங்கை மரத்துக்கு இனிமே மாரடைப்பே வராது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, இருந்த சேலையோடு தெருமுனைக்குப் போய் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அத்தனை பொறுமைசாலி மேஜையைத் தட்டிப் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, நல்ல நேரம் என்றார். அங்கேயே தன் கண்ணெதிரில் சில மாத்திரைகளைச் சேர்த்து விழுங்க வைத்தார். நான் அலகு விஷயத்தைச் சொன்னேன். "வேண்டாம்னுதான் சொல்லுவேன்" என்றார். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, என்னிடம், "குத்தியே ஆவேன்னா சின்னதா, சுத்தமான ஊசியா இருக்கட்டும். ரத்தம் வரும். கொஞ்ச நேரம் நிக்காது. அழுத்திப் பிடிச்சா நின்னுடும். அதால உயிர் போகாது. மாத்திரையை நிறுத்தினா போயிடும்" என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். பெருங்களத்தூர் சிக்னலில் வெளியூர் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ரத்தம் வந்தா என்னை ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார். "உன்னைத்தான்மே சொல்லுவாங்கோ. எங்க அண்ணி பட்டதைப் பாத்தல்ல?"

ஊரில் தன் பெயர் கெடக்கூடாது என்று இந்த மனுஷன் உயிரைப் பணயம் வைத்துவிட்டான் என்றல்லவா காலையிலிருந்து மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகவாம். என்னை ஒரு வார்த்தை யாரும் சொல்லிவிடக் கூடாதாம், அதற்காக மாத்திரையைத் துப்பியிருக்கிறார். அடிக்கலாம் போலவும் இருந்தது, அந்த மழித்த கன்னத்தை அப்படியே கையில் ஏந்திக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இரண்டையும் செய்யவில்லை.

"பேசறவங்க வாய் வலிச்சா நிறுத்திக்குவாங்க. உனக்கு நெஞ்சு வலிச்சா நான் இன்னா பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோக்காரர் அதையும் பார்த்தார்.

அன்று சாயங்காலம் நான் பூசாரியிடம் போனேன். இவருக்குப் பங்காளி முறைதான். இந்த வருஷம் நீள வேல் வேண்டாம், விரல் நீளத்தில் மெல்லிசாக ஒன்று, ஒரு கன்னத்தில் மட்டும், கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக் குத்துங்கள் என்று கேட்டேன். சரி என்றார். காரணத்தையும் சொன்னேன். "ரத்தம் வந்தா நான் பொறுப்பில்லம்மா. ஊரு வாய்க்கு என்னால தாழ்ப்பா போட முடியாது" என்றார். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு அலகு குத்துகிறவரை வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, பந்தலிலேயே படுக்கை. பெண்டாட்டி கிட்டே போய்ப் பேசக் கூடாது. மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். ஒருவேளையும் விடாமல் விழுங்குவேன் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன், பார்த்துத்தான் சொன்னார். ஆனால் ஆடி பிறந்ததிலிருந்து என் கண்ணைப் பார்த்துக்கொண்டேதானே நாக்குக்கு அடியில் ஒதுக்கினார்?

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. மாத்திரையை நிறுத்தினால் ரத்தம் பழையபடி கெட்டியாக ஒரு வாரம் போதும். சரியாக ஒரு வாரம்தான் அவர் கையில் இருந்தது. காலையிலும் மாலையிலும் தீபாராதனை பார்க்கிற சாக்கில் கோயிலுக்குப் போவேன். கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் வேட்டியில், தாடி முளைத்து உட்கார்ந்திருப்பார். இரண்டு மாத்திரையும் ஆயிற்றா என்று நான் இரண்டு விரலைக் காட்டிப் புருவத்தை உயர்த்துவேன். தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து, சமைத்துப்போட ஆளில்லாத அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொள்வேன். அம்மனிடம் என்ன வேண்டுவதென்றும் தெரியவில்லை. ரத்தம் வரக்கூடாது என்று ஊரே வேண்டுகிற சந்நிதியில், தாயே ரத்தம் வரட்டும் என்று நான் எப்படி வேண்டுவேன்? ஆனால் வேண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரையிலிருந்து கரகம் வந்தது, உடுக்கையும் பம்பையும் காதைப் பிளந்தன. முதலில் நீள வேல்காரர்கள் குத்திக்கொண்டார்கள். நான் முன்வரிசையில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ பக்கத்தில் வந்து தோளோடு தோள் உரசி நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். என் ஓரகத்தி. அவளுக்கு யார் சொன்னார்கள், எவ்வளவு தெரியும், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வேப்பமரத்தடியை விட்டு இத்தனை வருஷம் கழித்து முன்னால் வந்திருந்தாள்.

இவர் முறை வந்தது. பூசாரி கன்னத்தை இழுத்துப் பிடித்தார். மெல்லிய வேல் உள்ளே போயிற்று. ஒன்றுமில்லை. கயிற்றை இறுகப் பிடித்தேன். பாவி, ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வேலடியில் ஒரு முத்துப் போலச் சிவப்பு திரண்டது. அது உடைந்து தாடியில் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. பூசாரி விபூதியை அள்ளி வைத்து அழுத்தினார், விபூதியை நனைத்துக்கொண்டு விரலிடுக்கில் வழிந்தது. மார்பில் சொட்டி, மஞ்சள் வேட்டியில் சொட்டியது.

பம்பைச் சத்தம் ஒரு நிமிஷம் தடுமாறியது. பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது எனக்குக் கேட்டது. "வூட்ல ஏதோ குறை" என்று ஒரு குரல், "அதான் போன வருஷமும் வரல" என்று இன்னொன்று. என் முதுகில் அத்தனை கண்ணும் பதிந்தன. ஓரகத்தி என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவமானத்தில் அழுகிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். நினைக்கட்டும். என் புருஷன் ரத்தம் தண்ணீராக ஓடுவதைப் பார்த்து, வயிறு குளிர்ந்து நின்ற ஒரே பொம்பளை அந்தக் கூட்டத்திலேயே நான்தான்.

வாயில் வேல் இருந்ததால் அவரால் பேச முடியாது. கழுத்தைத் திருப்பிக் கூட்டத்தில் தேடினார். என்னைக் கண்டுபிடித்ததும் கையைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.

"யாரைக் கூப்பிடறாரு?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"என்னைத்தான்கா" என்றேன்.